கலிபோர்னியாவில் வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதலில் அந்த லைசென்ஸ் எண்ணைப் பாருங்கள்

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஷவர் சுவர் ஊறிப்போய், டைல்ஸைத் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஃப்ரீமான்ட்டில் 1970களில் கட்டிய வீடு. தமிழ் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று பேர் ஒரே ஆளின் எண்ணை அனுப்பினார்கள். "நம்ம ஆளு, நல்லா செய்வாரு, ரேட்டும் கம்மி."

வந்தார், அளவெடுத்தார், 24,000 டாலர் என்றார், பாதியை முன்பணமாகக் கேட்டார். விசிட்டிங் கார்டில் லைசென்ஸ் எண் இருந்தது. அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தேன். எண் உண்மைதான், பெயரும் அவருடையதுதான். ஆனால் வகை என்ற இடத்தில் சி-27 என்று இருந்தது. அது தோட்ட வேலைக்கான லைசென்ஸ். புல்தரை, செடி, சொட்டுநீர்க் குழாய், வெளிப்பாதை எல்லாம் அதில் அடங்கும். குளியலறை அடங்காது.

"ப்ரோ, லைசென்ஸ் லைசென்ஸ்தானே?" என்றார்.

இல்லை. ஏன் இல்லை என்பதை அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை. இரண்டு குளியலறையும் ஒரு கிச்சனும் செய்து முடித்த வீட்டுக்காரன். ஊரில் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் கொடுத்து, தினமும் போய்ப் பார்த்து வேலை வாங்கிப் பழகியவர்கள், இங்கே முதல் வீடு வாங்கியதும் அதே பழக்கத்தில் பணத்தை முன்னால் கொடுத்துவிடுகிறார்கள். இங்குள்ள சட்டம் வீட்டுக்காரருக்கு நல்ல பாதுகாப்புதான் தருகிறது. ஆனால் பணம் வேலையை முந்தாத வரைக்கும்தான் அந்தப் பாதுகாப்பு சுலபமாகக் கைக்கு வரும்.

முதல் படி: எண்ணை வாங்கி, பதிவைப் படிப்பது

கலிபோர்னியாவில் கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு. சுருக்கமாக சி.எஸ்.எல்.பி. 1929ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வாரியம், தலைமையகம் சேக்ரமென்டோவில். அதன் இணையதளத்தில் "செக் எ லைசென்ஸ்" என்ற பக்கம் இருக்கிறது. எண்ணை வைத்தும் தேடலாம், நிறுவனத்தின் பெயரை வைத்தும் தேடலாம், ஆள் பெயரை வைத்தும் தேடலாம். காசு கிடையாது. இணையம் ஒத்துவராதவர்கள் 800-321-2752 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம். 2024 முடிய இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் உயர்த்தினார்கள். 1,000 டாலருக்குக் கீழே என்றாலும், பெர்மிட் தேவைப்படும் வேலையாக இருந்தாலோ, அவர் ஆள் வைத்துச் செய்தாலோ, அந்த விலக்கு செல்லாது. ஒரே வேலையை 900, 900 என்று பிரித்து பில் போடுவதும் செல்லாது.

பதிவுப் பக்கம் திறந்ததும் "ஆக்டிவ்" என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான். கீழே இறங்கி நிதானமாகப் படியுங்கள்.

பெயர் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். கார்டில் ஒரு பெயர், எஸ்டிமேட்டில் இன்னொரு பெயர், செக் எழுதச் சொல்வது மூன்றாவது பெயருக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து, அந்த லைசென்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். தேர்வு எழுதி, அனுபவம் காட்டி லைசென்ஸுக்குத் தகுதி வாங்கியவர் யார் என்று அதில் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்து பேசியவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால், "நீங்கள் இந்த நிறுவனத்தில் யார்?" என்று கேளுங்கள். விற்பனைக்கு மட்டும் வீடு வீடாக வருபவர் என்றால், ஹோம் இம்ப்ரூவ்மென்ட் சேல்ஸ்பர்சன் என்ற தனிப் பதிவு அவருக்கு இருக்க வேண்டும். அதையும் அதே தளத்தில் பார்க்கலாம். மாமா லைசென்ஸில் மருமகன் வேலை எடுப்பது, நண்பர் எண்ணை வாடகைக்கு வாங்கிக் கார்டில் அச்சடிப்பது எல்லாம் நடக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். லைசென்ஸ் வாங்கியவரிடம் பாக்கெட் கார்டு இருக்கும். அதோடு ஓட்டுநர் உரிமத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம், இங்கே அது அவமரியாதை ஆகாது.

தேதிகளையும் பாருங்கள். லைசென்ஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. வேலை நடுவில் காலாவதி ஆகுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். "20 வருஷமா செய்றேன்" என்பவரின் லைசென்ஸ் போன வருடம்தான் வழங்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். நியாயமான பதிலும் இருக்கலாம். தனியாளாக இருந்து கம்பெனியாக மாறினால் புது எண் வரும்.

புகார் பகுதி காலியாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வந்த புகார் எல்லாம் உடனே அங்கே ஏறாது. வாரியம் விசாரித்து, நடவடிக்கைக்குரியது என்ற கட்டத்துக்குப் போனவைதான் பொதுமக்கள் கண்ணில் படும். அதனால் உங்கள் கவுன்டி நீதிமன்றத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு சிவில் வழக்குகள் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

எந்த எழுத்து, எந்த எண்

"பி" என்பது பொதுக் கட்டட வேலை. பல தொழில்கள் சேர்ந்த கிச்சன், குளியலறை, கூடுதல் அறை எல்லாவற்றுக்கும் வழக்கமாக எடுப்பவர்கள் இவர்கள். "பி-2" அண்மையில் வந்த வகை, ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் புதுப்பிக்க மட்டும். பி-2 வைத்திருப்பவர் பாரம் தாங்கும் சுவரில் கை வைக்க முடியாது. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரை எடுக்கும் திட்டம் இருந்தால் இது முக்கியம்.

"சி" வரிசை தனித்தனித் தொழில்களுக்கு: சி-10 மின்சாரம், சி-36 பிளம்பிங், சி-20 ஹீட்டிங் மற்றும் ஏசி, சி-39 கூரை, சி-33 பெயின்ட், சி-54 டைல்ஸ், சி-15 தரை. பழைய ஷவரின் டைல்ஸை மட்டும் மாற்ற சி-54 போதும். குழாயையும் வயரையும் இடம் மாற்றினால் பி, இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஆள். தன் வகைக்கு வெளியே வேலை எடுப்பவர், அந்த வேலையைப் பொறுத்தவரை லைசென்ஸ் இல்லாதவர் கணக்குதான். எங்கள் சி-27 நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அன்றைக்குத் தெரியவில்லை, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

பாண்டு வேறு, காப்பீடு வேறு

பதிவுப் பக்கத்தில் 25,000 டாலர் பாண்டு என்று இருக்கும். கான்ட்ராக்டர் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடுகட்ட வைத்திருக்கும் உத்தரவாதம் அது. 2023 ஜனவரிக்கு முன் 15,000. இதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தத் தொகை உங்கள் ஒரு வீட்டுக்கு அல்ல. அவரால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும், சம்பளம் வராத தொழிலாளிக்கும் சேர்த்து ஒரே தொகை.

தொழிலாளர் காப்பீடு, அதாவது வொர்க்கர்ஸ் காம்ப், இருக்கிறதா விலக்கு வாங்கியிருக்கிறாரா என்பதும் அதே பக்கத்தில் தெரியும். "என்னிடம் வேலையாட்களே இல்லை" என்று கையெழுத்துப் போட்டு விலக்கு வாங்கியவர், உங்கள் வீட்டுக்கு நான்கு பேரோடு வந்து இறங்கினால் யோசியுங்கள். அவர்களில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் பிரச்சினை உங்கள் வாசலுக்கும் வரும். கூரை வேலை செய்பவர்களுக்கு ஆள் இல்லாவிட்டாலும் இந்தக் காப்பீடு கட்டாயம்.

பொறுப்புக் காப்பீடு, அதாவது ஜெனரல் லயபிலிட்டி, எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) நிறுவனங்கள் தவிர மற்றவர்களுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். சான்றிதழை அவர் போனில் காட்டினால் போதாது. காப்பீட்டு ஏஜென்டிடமிருந்து நேராக உங்களுக்கு மின்னஞ்சலில் வரட்டும்.

பெர்மிட் யார் பெயரில்?

பெயின்ட், தரை, கேபினட், கவுன்டர்டாப் போன்ற மேல்பூச்சு வேலைகளுக்குப் பொதுவாக பெர்மிட் வேண்டாம். குழாய் இடமாற்றம், புது மின்இணைப்பு, சுவர் எடுப்பது என்றால் நகராட்சியின் பெர்மிட் வேண்டும். கான்ட்ராக்டர், "நீங்களே ஓனர்-பில்டர்னு போட்டு எடுத்துடுங்க, செலவு கம்மி" என்று சொன்னால் அது பெரிய எச்சரிக்கை மணி. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கட்டுமானத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பெரும்பாலும் இதைச் சொல்கிறவருக்குத் தன் பெயரில் பெர்மிட் எடுக்க முடியாத காரணம் ஏதோ இருக்கும்.

பெர்மிட் இல்லாமல் செய்த வேலை, வீட்டை விற்கும்போது திரும்பி வரும். விற்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் அதைப் பற்றி நேரடியான கேள்வியே உண்டு. அப்புறம், 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டி இடிக்கும் நிறுவனத்துக்கு அதற்கான மத்திய அரசுச் சான்று இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். டவுன்ஹவுஸ் என்றால் எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதியும் தனி.

ஒப்பந்தமும் பணமும்

500 டாலருக்கு மேற்பட்ட வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒரு பக்க எஸ்டிமேட்டின் அடியில் கையெழுத்துப் போடுவது அதற்கு ஈடாகாது. என்ன வேலை, என்ன பொருள், தோராயமாக எப்போது ஆரம்பம், எப்போது முடிவு, எந்தக் கட்டத்தில் எத்தனை டாலர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

முன்பணம்தான் இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய முதல் எண். ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. 24,000 டாலர் வேலைக்கும் 1,000தான், 90,000 டாலர் கிச்சனுக்கும் 1,000தான். தனிப்பட்ட பெரிய பாண்டு கட்டியிருக்கும் மிகச் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த வரம்பை ஒப்பந்தத்திலேயே தடித்த எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்பதும் சட்டம். "கேபினட் ஆர்டர் போடணும், பாதி கொடுங்க" என்றால், கேபினட் வீட்டுக்கு வந்து இறங்கியதும் அதற்கான பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேபினட்டைக் கடையில் நீங்களே நேரடியாக வாங்கிவிடுங்கள்.

அதற்கப்புறம் கொடுக்கும் ஒவ்வொரு தவணையும், செய்து முடித்த வேலை மற்றும் வந்து இறங்கிய பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. இதுவும் சட்டம்தான். எங்கள் இரண்டாவது குளியலறைக்கு 30,000 டாலர். தவணையை இப்படி எழுதினோம்: கையெழுத்தின்போது 1,000. பழையதை இடித்து, சுவருக்குள் குழாயும் வயரும் போட்டு, நகராட்சி ஆய்வாளர் பார்த்துத் தேறியதும் 9,000. ஷவர் தரையில் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனை தேறி, சுவர் மூடியதும் 7,000. டைல்ஸ், வேனிட்டி, கண்ணாடிக் கதவு முடிந்ததும் 9,000. இறுதி ஆய்வு தேறியதும் 4,000.

தேதியைக் கட்டிப் பணம் எழுதாமல் ஆய்வைக் கட்டி எழுதியதில் ஒரு வசதி. "வேலை முடிஞ்சுதா இல்லையா" என்று எனக்கும் அவருக்கும் வாக்குவாதமே வரவில்லை. நகராட்சி ஆய்வாளர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தண்ணீர்ச் சோதனையன்று ஷவர் வடிகாலை அடைத்து, தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்கள். மறுநாள் காலை பல் துலக்கும் முன்னாலேயே போய் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தண்ணீர் அதே இடத்தில் நின்றது. 7,000 டாலர் செக்கை அவ்வளவு சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை.

நடுவில் வரும் மாற்றங்கள்தான் செலவை ஏற்றும். "இந்த டைல்ஸுக்குப் பதில் அதைப் போடலாமா?" என்று வாயால் கேட்டு வாயால் சரி என்பது வேண்டாம். மாற்றம் ஒவ்வொன்றும் எவ்வளவு கூடுகிறது, எத்தனை நாள் தள்ளுகிறது என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ரொக்கம் கொடுக்காதீர்கள். செக், அதுவும் லைசென்ஸில் இருக்கும் பெயருக்கு மட்டும்.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்த ஒப்பந்தத்தை மூன்று வேலைநாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். கையெழுத்திட்டவருக்கு 65 வயது ஆகியிருந்தால் ஐந்து வேலைநாள். ரத்துப் படிவம் ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

வில்லங்கம்: பணம் கொடுத்த பிறகும் வரும் கடன்

புதிதாக வருகிறவர்கள் யாரும் எதிர்பார்க்காத இடம் இது. நீங்கள் கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். அவர் டைல்ஸ் கடைக்கோ பிளம்பருக்கோ கொடுக்கவில்லை. அந்தக் கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரி கவுன்டிப் பதிவகத்தில் பதிந்துவிடலாம். இதற்கு மெக்கானிக்ஸ் லீன் என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் வில்லங்கம். அது இருக்கும்வரை வீட்டை விற்பதும் மறுகடன் வாங்குவதும் சிக்கல். சில சமயம் அதே வேலைக்கு இரண்டாவது தடவை பணம் கொடுக்க வேண்டியும் வரலாம்.

வேலை ஆரம்பித்த இரண்டாவது வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கேள்விப்படாத ஒரு பொருள் கடையின் பெயர், எங்கள் முகவரி, உள்ளே தடித்த எழுத்தில் எச்சரிக்கை. "வீட்டு மேல கேஸ் போட்டுட்டாங்களா?" என்று மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அது பிரிலிமினரி நோட்டீஸ். "நாங்கள் இந்த வீட்டுக்குப் பொருள் கொடுக்கிறோம், பணம் வராவிட்டால் லீன் போடும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று முன்கூட்டித் தெரிவிப்பது. பொருளோ வேலையோ கொடுக்கத் தொடங்கிய 20 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நல்ல கடைகள் எல்லா வீட்டுக்கும் வழக்கமாக அனுப்புவார்கள். பயப்படத் தேவையில்லை, தூக்கிப் போடவும் கூடாது. யாருக்கெல்லாம் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த பட்டியல் அது.

அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்து, ஒவ்வொரு தவணையின்போதும் லீன் விடுவிப்புப் படிவம் வாங்கித் தரச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் இதற்கு நான்கு சட்டப் படிவங்கள்: தவணைக்கு இரண்டு, கடைசிப் பணத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று நிபந்தனையுள்ளது, மற்றது நிபந்தனையற்றது. பில் கொடுக்கும்போது "பணம் வந்தால் உரிமையை விடுகிறேன்" என்ற நிபந்தனையுள்ள படிவம் வரும். செக் பாஸ் ஆனதும் நிபந்தனையற்ற படிவம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கான்ட்ராக்டர் மேல் சந்தேகம் இருந்தால், அவர் பெயரும் கடைக்காரர் பெயரும் சேர்த்து ஒரே செக்காக எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டால்தான் பணமாகும்.

வேலை முடிந்த 15 நாளுக்குள் கவுன்டியில் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன் பதிந்துவிட்டால் லீன் போடும் காலக்கெடு சுருங்கும். கான்ட்ராக்டருக்கு 60 நாள், துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் கடைகளுக்கும் 30 நாள். பதியாவிட்டால் எல்லோருக்கும், வேலை முடிந்த நாளிலிருந்து 90 நாள். லீன் பதிந்தவர் 90 நாளுக்குள் வழக்கும் தொடுக்க வேண்டும். தொடுக்காவிட்டால் அது செல்லாமல் போகும், நீதிமன்றத்தில் மனுப் போட்டு நீக்கலாம்.

தகராறு வந்துவிட்டால்

முதலில் எழுதுங்கள். போனில் கத்துவதால் பதிவு எதுவும் மிஞ்சாது. என்ன தவறு, எந்த ஒப்பந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் சரி செய்ய வேண்டும் என்று படங்களோடு மின்னஞ்சலும், பதிவுத் தபாலில் ஒரு கடிதமும். வேறு ஆளை வைத்து அதைச் சரிசெய்யும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து, இன்னொரு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சி.எஸ்.எல்.பி. புகார். கட்டணம் இல்லை. பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், சில வழக்குகளை நடுவரிடம் அனுப்புவார்கள், தேவைப்பட்டால் லைசென்ஸ் மேல் நடவடிக்கை எடுப்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். லைசென்ஸே இல்லாதவர் மேலும் புகார் கொடுக்கலாம்; லைசென்ஸ் இல்லாமல் ஒப்பந்தம் எடுப்பது இங்கே குற்றம்.

பணம்தான் பிரச்சினை என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். கட்டணம் 30 முதல் 75 டாலர். இரு தரப்புக்கும் வக்கீல் வந்து வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு கவுன்டியிலும் இலவச ஆலோசகர் இருக்கிறார். படிவம் நிரப்பும் முன் அவரிடம் பேசுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் வழக்குப் போடலாம் என்பதில்லை. எச்1பியில் இருப்பவர்கள் இதைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: வழக்குப் போட்டவர் தோற்றால் மேல்முறையீடு கிடையாது. அதனால் முதல் தடவையே காகிதங்களோடு போக வேண்டும்.

எதிராளியின் பெயரை லைசென்ஸ் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள், இல்லாவிட்டால் வென்ற தீர்ப்பை நிறைவேற்ற முடியாமல் போகும். வென்ற பிறகும் அவர் பணம் தரவில்லையா? தீர்ப்பின் நகலை சி.எஸ்.எல்.பி.க்கு அனுப்புங்கள். கட்டுமானம் தொடர்பான தீர்ப்புத் தொகையைக் கட்டாதவரின் லைசென்ஸை வாரியம் நிறுத்தி வைக்கும். லைசென்ஸை வைத்துப் பிழைப்பவருக்கு இது சாதாரண அடி இல்லை. நேர்மையான லைசென்ஸ் உள்ளவரை எடுப்பதன் பலன் இங்கேதான் தெரியும். இழக்க ஏதாவது உள்ளவரிடம்தான் பணம் திரும்பும்.

லைசென்ஸ் இல்லாதவரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள் என்றால் சட்டம் வேறு மாதிரி உதவுகிறது. அவர் கூலி கேட்டு உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அதற்கும் மேலே, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம், வேலை நன்றாகவே இருந்தாலும்கூட. வணிகம் மற்றும் தொழில் சட்டத் தொகுப்பின் 7031ஆம் பிரிவு. ஆனால் வேலை முடிந்தோ நின்றோ ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும். தொகை பெரிதாக இருந்தால் இது ஸ்மால் கிளெய்ம்ஸ் வேலை இல்லை, வக்கீலிடம் போங்கள்.

வக்கீலை எப்படிப் பிடிப்பது?

உங்கள் விசாவைப் பார்த்த வக்கீலிடம் ஆரம்பிக்காதீர்கள். கட்டுமானச் சட்டம் தனித் துறை. வக்கீல்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் கலிபோர்னியா ஸ்டேட் பார் அங்கீகரித்த வக்கீல் பரிந்துரைச் சேவைகள் கவுன்டி தோறும் உண்டு. அலமேடாவிலும் சான்டா கிளாராவிலும் அந்தந்த கவுன்டி பார் அசோசியேஷன் நடத்துகிறது. குறைந்த கட்டணத்தில் முதல் ஆலோசனை கிடைக்கும். பெயர் கிடைத்ததும் ஸ்டேட் பார் தளத்தில் அந்த வக்கீலின் லைசென்ஸையும் பாருங்கள். கான்ட்ராக்டரைச் சோதித்த அதே கையோடு.

முழு வழக்கையும் ஒப்படைக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது, ஒரு நோட்டீஸ் எழுதுவது என்று ஒரு பகுதிக்கு மட்டும் வக்கீலை வைத்துக்கொள்ளலாம். பெரிய ஒப்பந்தம் என்றால், கையெழுத்துப் போடும் முன்பே ஒரு மணி நேரம் படிக்கக் கொடுப்பது தகராறுக்குப் பின் செலவழிப்பதைவிட மலிவு. நடுவர் தீர்ப்புப் பிரிவு இருக்கிறதா, வழக்குச் செலவை யார் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். கட்டணம் 1,000 டாலரைத் தாண்டும் என்றால் பொதுவாக வக்கீலும் உங்களோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அலுவலகத்தில் லீகல் பிளான் (வக்கீல் செலவை ஏற்கும் திட்டம்) எடுத்து வைத்திருந்தால் அது கட்டுமானத் தகராறை ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்ட சண்டையை அவை பொதுவாக ஏற்காது.

காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கு 4 ஆண்டு, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 2 ஆண்டு. சுவருக்குள் ஒளிந்திருந்து பிறகு தெரியவரும் கட்டுமானக் குறைக்கு, வேலை முடிந்ததிலிருந்து 10 ஆண்டுதான் கடைசி எல்லை.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன எண்கள் கலிபோர்னியாவுக்கு மட்டும். டெக்சஸில் பொதுக் கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி ஆட்களுக்கு உண்டு. நியூ ஜெர்சியில் வீட்டுப் புதுப்பிப்புக் கான்ட்ராக்டர்கள் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிய வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் எல் அண்ட் ஐ (தொழிலாளர், தொழில்துறை) துறையின் தளத்திலும், வர்ஜீனியாவில் டி.பி.ஓ.ஆர். என்ற தொழில் ஒழுங்குமுறைத் துறையின் தளத்திலும் பார்க்கலாம். நியூயார்க் நகரத்துக்கு மாநகரத்தின் தனி லைசென்ஸ்.

எங்கள் குளியலறையை ஒரு பி லைசென்ஸ்காரர் செய்து முடித்தார். அடுத்த வசந்தத்தில் பின்பக்கம் நடைபாதையும் சொட்டுநீரும் போட வேண்டியிருந்தது. அந்த சி-27 நண்பரையே கூப்பிட்டேன். வேலை 6,400 டாலர். பேனாவை எடுக்கும் முன் அவரே சொன்னார்: "ப்ரோ, அட்வான்ஸ் 640தான் போட்டிருக்கேன், சரியா?"